ஸ்ட்ரீமிங் பாட்டை நெட் இல்லாமல் மியூசிக் பிளேயரில் கேட்பது எப்படி? டவுன்லோட் ஆன பாட்டு யாருக்குச் சொந்தம்?

மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். பிடித்த பாட்டையெல்லாம் டவுன்லோட் செய்தும் வைத்திருக்கிறோம். அந்தப் பாட்டை ஃபோனிலிருந்து எடுத்து ஒரு சின்ன எம்பி3 பிளேயரில் போட்டுக் கேட்கலாம் என்று தேடினால் ஃபைலே கண்ணில் படாது. பட்டாலும் பிளேயர் அதைப் பாட்டாக ஏற்றுக்கொள்ளாது.

ஃபோனை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டு கேட்க நினைப்பவர்களுக்குக் காரணங்கள் பல. ஆபீஸ் நோட்டிஃபிகேஷன் தொல்லை இல்லாமல் ஒரு மணி நேரம் வேண்டும். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகும்போது பாதி வழியில் டவர் கிடைக்காது. ஓடப் போகும்போது பெரிய ஃபோனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. புது ஃபோன்களில் ஹெட்ஃபோன் ஜாக்கும் இல்லை, மெமரி கார்டு போட இடமும் இல்லை.

ஸ்ட்ரீமிங் பாட்டைத் தனி பிளேயரில் இணையம் இல்லாமல் கேட்க முடியுமா? முடியும். ஆனால் எல்லா பிளேயரிலும் முடியாது, எப்போதைக்குமாகவும் முடியாது. ஏன் என்று புரிந்துகொண்டால் எந்த பிளேயரை வாங்குவது, எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

டவுன்லோட் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது?

ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், அமேசான் மியூசிக், ஜியோசாவன் என எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். டவுன்லோட் கொடுத்ததும் இரண்டு பொருள்கள் உங்கள் கருவிக்கு வருகின்றன. ஒன்று, பூட்டப்பட்ட பாட்டு. இன்னொன்று, அதைத் திறக்கும் சாவி.

பூட்டப்பட்ட பாட்டு ஒரு சாதாரண ஃபைல்தான். அதை எங்கே வேண்டுமானாலும் காப்பி செய்யலாம். ஆனால் உள்ளே இருப்பது குறியாக்கம் செய்யப்பட்ட தரவு. சாவி இல்லாத கருவிக்கு அது வெறும் குப்பை. சாவி இருப்பதோ அந்தச் செயலிக்குள், உங்கள் கணக்கோடும் அந்தக் குறிப்பிட்ட கருவியோடும் கட்டப்பட்டு. ஃபைலை எடுத்துக்கொண்டு போகலாம், சாவியை எடுத்துக்கொண்டு போக முடியாது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் டிஆர்எம் என்று பெயர். தமிழில் சொன்னால் டிஜிட்டல் உரிமை மேலாண்மை.

சாவிக்குக் காலக்கெடுவும் உண்டு. ஸ்பாட்டிஃபையில் டவுன்லோட் செய்த பாட்டுகள் தொடர்ந்து ஓட வேண்டுமானால் 30 நாளுக்கு ஒருமுறையாவது அந்தக் கருவியை இணையத்தில் இணைக்க வேண்டும். யூடியூப் மியூசிக்கிலும் அதே 30 நாள்தான். இணைக்கும்போது உங்கள் சந்தா உயிரோடு இருக்கிறதா, பாட்டின் உரிமம் இன்னும் செல்லுமா என்று செயலி சரிபார்த்துக்கொள்கிறது. நெட் இல்லாமல் நீங்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கும் அப்போதுதான் சர்வருக்குப் போகிறது. பாட்டின் உரிமையாளர்களுக்குப் போகும் தொகை அந்தக் கணக்கை வைத்துத்தான் பிரிகிறது.

ஆகவே ஒரு பிளேயரில் ஸ்ட்ரீமிங் பாட்டு ஆஃப்லைனில் ஓட மூன்று தேவைகள்: அந்தச் சேவையின் செயலி அதில் இருக்க வேண்டும், சாவியைப் பாதுகாப்பாக வைக்கும் வசதி வேண்டும், அவ்வப்போது இணையத்தைத் தொட ஒரு வைஃபை வேண்டும்.

இது புதுச் சிக்கலா?

இல்லை. 2000-களின் நடுவிலேயே இதை முயன்று பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2005-ல் வந்த 'நாப்ஸ்டர் டு கோ' சேவையில் மாதச் சந்தா கட்டி, கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டுகளை எம்பி3 பிளேயரில் ஏற்றிக்கொள்ளலாம். பூட்டு மைக்ரோசாஃப்டுடையது. சந்தா இன்னும் நடப்பில் இருக்கிறது என்று காட்ட மாதம் ஒருமுறை பிளேயரைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். அன்று உலகமே வைத்திருந்த ஐபாடில் அது ஓடவில்லை, ஏனென்றால் ஆப்பிள் அந்தப் பூட்டை ஏற்கவில்லை.

2015 ஜூன் 30-ல் ஆப்பிள் மியூசிக் வந்தபோது கதை திரும்பியது. ஆப்பிளின் சொந்த ஐபாட் கிளாசிக், நானோ, ஷஃபிள் மூன்றிலும் ஆப்பிள் மியூசிக் சந்தாப் பாட்டுகளை ஏற்ற முடியவில்லை. சந்தாவைச் சரிபார்க்க அந்தக் கருவிகளில் இணைய வசதி கிடையாது. அதே ஐபாடில், ஐடியூன்ஸில் காசு கொடுத்து வாங்கிய பாட்டும் சிடியிலிருந்து ஏற்றிய பாட்டும் தடையில்லாமல் ஓடின. கடைசி ஐபாடான ஐபாட் டச்சையும் 2022 மே மாதம் ஆப்பிள் நிறுத்திவிட்டது.

எந்த பிளேயரில் ஓடும், எதில் ஓடாது?

கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் பிளேயர்களை ஐந்து வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. சாதாரண எம்பி3 பிளேயர். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வகை. செயலி எதையும் நிறுவ முடியாது. ஷான்லிங் எம்0, ஹிடிஸ் ஏபி80 போன்ற நல்ல ஒலித்தரமுள்ள சின்ன பிளேயர்களும் இதே வகைதான், அவற்றில் ஆண்ட்ராய்டு கிடையாது. ப்ளூடூத் இருப்பதால் ஸ்பாட்டிஃபை ஓடும் என்று நினைத்து ஏமாற வேண்டாம். சொந்தமாகப் பாட்டு ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு இது அருமையான கருவி. சந்தாக்காரர்களுக்கு வேலைக்காகாது.

2. ஆண்ட்ராய்டு பிளேயர். சோனி வாக்மேன், ஃபியோ, ஹைபை போன்ற நிறுவனங்கள் சிம் கார்டு இல்லாத ஆண்ட்ராய்டு கருவிகளை விற்கின்றன. உள்ளே கூகுள் பிளே ஸ்டோர் இருந்தால் ஃபோனில் செய்வதையெல்லாம் இதிலும் செய்யலாம். 2023-ல் இந்தியாவுக்கு வந்த சோனி என்டபிள்யூ-ஏ306 வாக்மேன் நல்ல உதாரணம். ஆண்ட்ராய்டு 12, வைஃபை, மெமரி கார்டு இடம், ஹெட்ஃபோன் ஜாக் எல்லாம் உண்டு. 32 ஜிபி என்று அட்டைப்பெட்டியில் இருந்தாலும் இயங்குதளம் எடுத்துக்கொண்டதுபோக பாட்டுக்கு மிஞ்சுவது சுமார் 18 ஜிபிதான். அறிமுக விலை ஏறக்குறைய 26,000 ரூபாய்.

3. ஒரு சேவைக்கென்றே ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிளேயர். அமெரிக்காவின் 'மைட்டி' இந்த ரகம். திரை கிடையாது, சட்டையில் குத்திக்கொள்ளும் அளவுதான். ஸ்பாட்டிஃபை அல்லது அமேசான் மியூசிக் பிளேலிஸ்ட்டை ஃபோன் செயலி மூலம் தேர்ந்தெடுத்தால் வைஃபை வழியாக அதுவே இறக்கிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு இல்லாத கருவியிலும் சந்தாப் பாட்டு ஓட முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அதற்குச் சேவையின் அனுமதி வேண்டும். அனுமதி இருக்கும் வரைதான் கருவிக்கு உயிர்.

4. கைக்கடிகாரம். பலர் கவனிக்காத பிளேயர் இது. ஆப்பிள் வாட்சிலும் வேர் ஓஎஸ் வாட்ச்களிலும் 2021 முதல் ஸ்பாட்டிஃபை பாட்டுகளை நேரடியாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். கார்மின் நிறுவனத்தின் இசை வசதியுள்ள வாட்ச்களிலும் முடியும். ஏற்கெனவே அப்படி ஒரு வாட்சைக் கட்டியிருப்பவர் ஓடுவதற்கென்று தனி பிளேயர் வாங்க வேண்டியதில்லை. பிரீமியம் சந்தாவும் ப்ளூடூத் இயர்ஃபோனும் போதும்.

5. பாட்டோடு சேர்த்தே விற்கும் பிளேயர். சரிகம நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த கார்வான். பழைய வானொலிப் பெட்டி போன்ற அமைப்பில் 5,000 பாட்டுகள் உள்ளேயே இருக்கும். தமிழ்ப் பாட்டுகளுக்கென்று தனிப் பதிப்பும் உண்டு. நெட் வேண்டாம், சந்தா வேண்டாம், 30 நாள் கணக்கும் கிடையாது. ஹெச்எம்வி காலத்திலிருந்து பாட்டுகளின் உரிமை தன் கையிலேயே இருந்ததால் சரிகமவால் இதைச் செய்ய முடிந்தது. குறை என்னவென்றால், பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது அவர்கள், நீங்கள் இல்லை.

டைடல், கோபஸ் சேவைகள் உள்ளடங்கியது என்று விளம்பரம் செய்யும் வெளிநாட்டு பிளேயர்களும் ஆன்லைனில் கிடைக்கும். அந்த இரண்டு சேவைகளும் இந்தியாவில் அதிகாரபூர்வமாக இல்லை. அந்த வசதிக்காக மட்டும் கூடுதல் காசு கொடுத்தால் நமக்குப் பயன் கிடையாது.

மேசை டிராயரில் இருக்கும் பழைய ஃபோன் போதுமா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். 4 வருடப் பழைய ஆண்ட்ராய்டு ஃபோனில் ஹெட்ஃபோன் ஜாக், மெமரி கார்டு இடம் இரண்டும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சிம் கார்டை எடுத்துவிடுங்கள். ஃபேக்டரி ரீசெட் கொடுத்து பாட்டுச் செயலியை மட்டும் நிறுவுங்கள். வாட்ஸ்அப், மெயில், வங்கிச் செயலி எதுவும் வேண்டாம். இப்போது அது ஒரு ஆண்ட்ராய்டு மியூசிக் பிளேயர்தான். 26,000 ரூபாய் வாக்மேனில் கூடுதலாகக் கிடைப்பது நல்ல ஒலிச் சுற்று, கையடக்க அளவு, பாட்டுக்கென்றே உள்ள பொத்தான்கள். அவை தேவையா என்பதைப் பழைய ஃபோனில் ஒரு மாதம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: பழைய பேட்டரி உப்பியிருந்தால், பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றாலும்கூட, அந்த ஃபோனை சார்ஜ் போடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றும் உண்டு. கேமரா ஃபோன் கொண்டுபோகக் கூடாத அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் பிளேயர் வாங்கினால் பிரச்சினை தீரும் என்று நினைப்பதுண்டு. கேமரா இல்லாவிட்டாலும் பிளேயர் என்பது தரவைச் சேமிக்கும் கருவி. பென் டிரைவைத் தடை செய்யும் இடத்தில் இதையும் தடை செய்வார்கள். வாங்கும் முன் செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எப்படி செட் செய்வது?

ஆண்ட்ராய்டு பிளேயரோ பழைய ஃபோனோ, படிகள் ஒன்றுதான்.

• முதலில் உங்கள் சந்தாவில் டவுன்லோட் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில திட்டங்களில் விளம்பரம் இருக்காது, ஆனால் டவுன்லோடும் இருக்காது.

• வைஃபையில் இணைத்து, பிளே ஸ்டோரிலிருந்து செயலியை நிறுவி, உங்கள் கணக்கில் நுழையுங்கள்.

• மெமரி கார்டு போட்டிருந்தால், டவுன்லோட் தொடங்கும் முன்பே செயலியின் அமைப்புகளில் சேமிக்கும் இடத்தை கார்டுக்கு மாற்றுங்கள். பிறகு மாற்றினால் சில நேரம் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

• டவுன்லோட் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ரீமிங் தரமும் டவுன்லோட் தரமும் தனித்தனி அமைப்புகள் என்பதை மறக்க வேண்டாம்.

• பிளேலிஸ்ட்டைத் திறந்து டவுன்லோட் கொடுங்கள். சார்ஜரில் போட்டு, திரை அணைந்தாலும் செயலி தூங்கிவிடாதபடி பேட்டரி சேமிப்பு அமைப்பில் விலக்கு கொடுங்கள். பாதியில் நின்றுபோகும் டவுன்லோட்களுக்கு இதுதான் வழக்கமான காரணம்.

• முடிந்ததும் ஏரோபிளேன் மோடு போட்டு, பட்டியலின் நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் சில பாட்டுகளை ஓட்டிப் பாருங்கள். இந்தச் சோதனையை ரயில் ஏறிய பிறகு செய்து பயனில்லை.

• மாதம் இரண்டு முறை வைஃபையில் இணைத்துச் செயலியைத் திறக்க ஒரு ரிமைண்டர் வைத்துக்கொள்ளுங்கள். பிளேயரை ஆன் செய்தால் மட்டும் போதாது, செயலியையும் திறக்க வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

4 நிமிடப் பாட்டு ஒன்றைக் கணக்கில் வைப்போம். 160 கேபிபிஎஸ் தரத்தில் அது ஏறக்குறைய 5 எம்பி. 320 கேபிபிஎஸ் தரத்தில் ஏறக்குறைய 10 எம்பி. சிடி தரத்து லாஸ்லெஸ் என்றால் 25 முதல் 30 எம்பி வரை.

அதாவது 500 பாட்டுக்கு 320 கேபிபிஎஸ் தரத்தில் 5 ஜிபி போதும். அதே 500 பாட்டு லாஸ்லெஸ் என்றால் 15 ஜிபி வரை போகும், 18 ஜிபி வாக்மேன் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். 128 ஜிபி கார்டில் 320 கேபிபிஎஸ் பாட்டுகள் 12,000-க்கு மேல் அடங்கும். ஆனால் ஸ்பாட்டிஃபையில் ஒரு கருவியில் 10,000 பாட்டு என்பது உச்சவரம்பு.

ப்ளூடூத் இயர்ஃபோனில்தான் கேட்கப்போகிறீர்கள் என்றால் லாஸ்லெஸ் டவுன்லோடுக்கு இடத்தை வீணாக்க வேண்டாம். ப்ளூடூத்தில் போகும்போது பாட்டு எப்படியும் மறுபடி சுருக்கப்படும்.

டவுன்லோட் செய்த பாட்டு ஏன் காணாமல்போகிறது?

காரணங்களில் பாதி நம் கையில், பாதி நம் கையில் இல்லை.

நம் கையில் இருப்பவை: 30 நாள் இணையத்தைத் தொடாமல் விடுவது, செயலியிலிருந்து லாக் அவுட் ஆவது, செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது, சந்தாவைப் புதுப்பிக்காமல் விடுவது, கருவிகளின் எண்ணிக்கையைத் தாண்டுவது. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான பிரீமியத்தில் 5 கருவிகள் வரை டவுன்லோட் செய்யலாம். ஆறாவதில் ஏற்றினால், அதிக நாள் தொடாமல் கிடக்கும் கருவியிலுள்ள பாட்டுகள் அழிந்துவிடும். எப்போதாவது எடுக்கும் மியூசிக் பிளேயர்தான் பெரும்பாலும் அந்தக் கருவியாக இருக்கும்.

நம் கையில் இல்லாதவை: பாட்டு நிறுவனத்துக்கும் ஸ்ட்ரீமிங் சேவைக்கும் நடுவிலுள்ள ஒப்பந்தங்கள். 2023 மார்ச்சில் ஸீ மியூசிக்குடன் உரிம ஒப்பந்தம் முடிந்தபோது, ஸ்பாட்டிஃபையிலிருந்து ஏராளமான இந்திப் பாட்டுகள் ஒரே நாளில் மறைந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. சந்தாப் பணமும் குறையவில்லை.

அதைவிடப் பெரிய அடி, சேவையே மூடிவிடுவது. பைட்டான்ஸின் ரெஸ்ஸோ 2024 ஜனவரி 31-ல் இந்தியாவில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக அறிவித்தது. செயலியே இல்லையென்றால் அதற்குள் பூட்டி வைத்த பாட்டைத் திறக்க யாரும் இல்லை.

இதை 2013-ல் நடந்த இன்னொரு மூடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் 'ஃப்ளைட்' என்ற எம்பி3 கடையைத் திறந்தது. பூட்டு இல்லாத பாட்டுகளைச் சில ரூபாய்க்கு ஒன்றாக விற்றது. இலவசத் திருட்டுப் பாட்டுகளோடு போட்டி போட முடியாமல் 2013 ஜூனில் கடையை மூடியது. வாங்கியவர்கள் தங்கள் பாட்டுகளை டவுன்லோட் செய்துகொள்ள இரண்டு மாத அவகாசம் கொடுத்தது. அன்று டவுன்லோட் செய்து பத்திரப்படுத்தியவருக்கு அந்த எம்பி3 இன்றைக்கும் எந்த பிளேயரிலும் ஓடும். கடை போனது, பாட்டு போகவில்லை. விங்கிலும் ரெஸ்ஸோவிலும் கடையோடு பாட்டும் போனது.

நீதிமன்றம் இதை என்னவென்று பார்க்கிறது?

சந்தாவில் வரும் டவுன்லோட் என்பது விற்பனையா, வாடகையா? இந்தியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது.

டிப்ஸ் நிறுவனத்துக்கும் விங்குக்கும் உரிமத் தொகையில் உடன்பாடு ஏற்படவில்லை. வானொலி நிலையங்களுக்குக் கிடைப்பதுபோல, உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் சட்டம் நிர்ணயிக்கும் தொகையைக் கட்டிப் பாட்டைப் பயன்படுத்தலாம் என்று விங்க் வாதிட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவை அதற்கு ஆதாரமாகக் காட்டியது. 2019 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 31டி பிரிவு வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புக்குத்தான், இணைய ஸ்ட்ரீமிங்குக்கோ டவுன்லோடுக்கோ பொருந்தாது என்றது. 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது.

நமக்கு முக்கியமானது அந்த வழக்கில் டவுன்லோடைப் பிரித்துப் பார்த்த விதம். விங்கில் மூன்று வசதிகள் இருந்தன: நேரடியாகக் கேட்பது, சந்தா இருக்கும் வரை செயலிக்குள் சேமித்துக் கேட்பது, காசு கொடுத்து நிரந்தரமாக வாங்குவது. மூன்றாவது விற்பனை. இரண்டாவது வணிக வாடகை. நாம் தினமும் அழுத்தும் டவுன்லோட் பொத்தான் இந்த இரண்டாவது வகை.

வாடகை என்று தெரிந்து வாடகை கொடுப்பதில் தப்பு எதுவும் இல்லை. மாதம் சில நூறு ரூபாய்க்குக் கோடிக்கணக்கான பாட்டுகள் கிடைப்பது நல்ல பேரம்தான். வாடகை வீட்டில் ஆணி அடிக்கும்போது யோசிப்பதுபோல, அந்தப் பாட்டுகளுக்காக 26,000 ரூபாய்க் கருவி வாங்கும்போதும் யோசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பூட்டை உடைத்தால் என்ன?

ஸ்ட்ரீமிங் பாட்டை எம்பி3 ஆக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. கொஞ்ச வருடம் முன்பு வரை ரீசார்ஜ் கடைகளில் காசு வாங்கிக்கொண்டு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்ததன் நவீன வடிவம் என்று சொல்லலாம்.

முதல் சிக்கல், இது சேவையின் விதிகளை மீறுவது. கணக்கே முடக்கப்படலாம். இரண்டாவது, 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு. உரிமையை மீறும் நோக்கத்துடன் இப்படிப்பட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம் என்கிறது அது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்குச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் வாடகைக்கு வாங்கிய பாட்டை நிரந்தரமாக வைத்துக்கொள்வது நியாயமான கையாளல் என்று வாதிடுவது கடினம். மூன்றாவது, அந்த மென்பொருள்கள் உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இடத்தில் அதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சொந்தமாகவே வாங்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, குறைவாக.

ஐடியூன்ஸ் ஸ்டோர்: இந்தியாவில் 2012 டிசம்பரில் திறந்தது. இங்கே வாங்கும் பாட்டுகளில் பூட்டு கிடையாது, உலக அளவில் 2009-லேயே ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. 256 கேபிபிஎஸ் ஏஏசி ஃபைல். இன்றைய பிளேயர்களில் பெரும்பாலானவை இதை ஓட்டும். ஆப்பிள் மியூசிக் சந்தாவில் டவுன்லோட் ஆகும் பாட்டு வேறு, ஐடியூன்ஸில் வாங்கும் பாட்டு வேறு. இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே பாடகர், ஒரே கவர் படம். முன்னதில் பூட்டு உண்டு, பின்னதில் இல்லை.

பேண்ட்கேம்ப்: சுயாதீனக் கலைஞர்கள் நேரடியாக விற்கும் தளம். இந்தியக் கலைஞர்களும் இருக்கிறார்கள். எம்பி3, ஃப்ளாக் என விரும்பிய வடிவில் டவுன்லோட் செய்யலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனை அனுமதியுள்ள கார்டு தேவைப்படும். சினிமாப் பாட்டை இங்கே தேடிப் பயனில்லை.

சிடி: வீட்டில் பழைய சிடிகள் கிடந்தால் அவை தங்கம். 1,000, 2,000 ரூபாய்க்குள் யுஎஸ்பி சிடி டிரைவ் கிடைக்கும். கம்ப்யூட்டரில் செருகி ஃப்ளாக் ஃபைலாக மாற்றிவிட்டால் எந்தச் சேவை மூடினாலும் கவலையில்லை. வட்டில் கீறல் விழுவதற்கு முன் செய்துவிடுவது நல்லது.

இப்படிச் சேர்த்த ஃபைல்களுக்கு இரண்டு இடத்தில் காப்பி வையுங்கள். பூட்டு இல்லாத பாட்டுக்கு உள்ள ஒரே ஆபத்து ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போவதுதான்.

யாருக்கு எது சரி?

தினமும் புதுப் பாட்டு தேடிக் கேட்பவர், ஏற்கெனவே சந்தா கட்டுபவர்: பழைய ஃபோனைப் பிளேயராக்குங்கள். பிடித்துப்போனால் பிறகு ஆண்ட்ராய்டு பிளேயர் வாங்கலாம். வாங்கும்போது எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு, எவ்வளவு பழையது என்று பாருங்கள். பிளேயர்களுக்கு இயங்குதள அப்டேட் அபூர்வமாகத்தான் வரும். செயலிகள் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிடும்போது கருவி நன்றாக இருந்தும் பாட்டு ஓடாது. விலை குறைத்து விற்கப்படும் பழைய மாடல்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஓடுபவர், ஜிம் போகிறவர்: வாட்சில் முடியுமா என்று முதலில் பாருங்கள்.

ஊரில் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுப்பவர்: 30 நாளுக்கு ஒருமுறை வைஃபை, லாக் இன், ஓடிபி என்று அவர்களை அலைக்கழிக்க வேண்டாம். கார்வான் வகைப் பெட்டியோ, சிடியிலிருந்து ஏற்றிய பாட்டுகளுடன் ஒரு சாதாரண பிளேயரோ போதும்.

திரும்பத் திரும்ப அதே 200 பாட்டைக் கேட்பவர்: உங்கள் செயலியில் இந்த வருடம் அதிகம் கேட்ட பாட்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மூன்று வருடமாக அதில் மாறாமல் இருக்கும் பாட்டுகள் எத்தனை என்று எண்ணுங்கள். அவற்றை மட்டும் விலைக்கு வாங்குங்கள், மீதியை வாடகையிலேயே கேட்கலாம். சந்தாவை ஒரு மாதம் கட்ட மறந்தாலும், செயலியே மூடிவிட்டாலும், அந்தப் பாட்டுகள் மட்டும் உங்கள் பிளேயரில் ஓடும்.